ஜன்னலில் ஒட்டிய பேப்பர்

குழித்துறை அத்தை: இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மகன் மூன்று மாதமாகக் காலேஜ் போகவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டிவிட்டான். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பதில் சொல்கிறான்.

தக்கலை பெரியப்பா: பயப்படாதே தங்கச்சி. எங்காவது கோயிலில் ஒரு மாதம் தங்க வைப்போம். அப்புறம் ஒரு கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்.

நர்ஸ் அக்கா: பெரியப்பா, சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். தங்க வைப்பது வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த இல்லத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் இறந்தார்கள். கல்யாணமும் மருந்தில்லை. வருகிற பெண் என்ன பாவம் செய்தாள்?

நர்ஸ் அக்கா: அத்தை, இது மனச்சிதைவாக இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கஞ்சாவாலும், மூளைக் காய்ச்சலாலும்கூட இப்படி வரும். அதையெல்லாம் சோதித்துப் பார்ப்பார்கள்.

குழித்துறை அத்தை: நான் வளர்த்ததில் குறையா மக்களே?

நர்ஸ் அக்கா: இல்லவே இல்லை. சுமார் 300 பேரில் ஒருவருக்கு வருகிற நோய். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை தாறுமாறாகிறது. பெரும்பாலும் இவன் வயதில்தான் தொடங்கும்.

குழித்துறை அத்தை: யாரும் பேசவில்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொள்கிறான்.

குலசேகரம் சித்தப்பா: அக்கா, நான் இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் 24 வயதில் இது வந்தது. இருட்டோடு பால் வெட்டப் போனால் ஒவ்வொரு ரப்பர் மரத்தடியிலும் ஒருவன் நின்று என்னைத் திட்டுவான். அம்மா "யாருமில்லை" என்று சொன்னபோதெல்லாம் அம்மாவும் அவன்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். உன் மகனோடு வாதாடாதே. கேட்கிறது என்று பொய்யும் சொல்லாதே. "எனக்குக் கேட்கவில்லை மக்களே, உனக்குப் பயமாகத்தானே இருக்கும்" என்று சொல். தூக்கத்துக்காக டாக்டரைப் பார்க்கலாம் என்று கூப்பிடு. வருவான்.

தக்கலை பெரியப்பா: தம்பி, இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதே.

குழித்துறை அத்தை: மாத்திரை போட்டால் ஆயுசு முழுக்கத் தூங்கிக்கொண்டே கிடப்பான் என்கிறார்களே?

நர்ஸ் அக்கா: முதலில் தூக்கம் வரும், எடை கூடலாம், சிலருக்குக் கை நடுங்கும். உடனே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் மருந்தை மாற்றுவார். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நாமாக நிறுத்தவே கூடாது.

குலசேகரம் சித்தப்பா: சுகமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை நிறுத்தினேன். இரண்டு தடவையும் மரத்தடிக் குரல் திரும்பி வந்தது. இப்போது மாதம் ஒரு ஊசி. தினமும் வேலைக்குப் போகிறேன்.

நர்ஸ் அக்கா: ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் காலையிலேயே கூட்டி வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன். ராத்திரி ரொம்பக் கலங்கினால் 14416க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

குலசேகரம் சித்தப்பா: நாளைக்குப் பால் வெட்டப் போகவில்லை. ஏழு மணிக்கு உன் வீட்டில் இருப்பேன்.

குழித்துறை அத்தை: அந்தப் பேப்பரை இப்போதே கிழித்துவிடட்டுமா?

குலசேகரம் சித்தப்பா: வேண்டாம் அக்கா. அவனே எடுக்கட்டும்.