யெல்லோஸ்டோனில் ஆர்.வி.: ஹூக்கப் (வண்டிக்குக் கரன்ட் இணைப்பு) இல்லாத இடத்தில் இன்டர்நெட்டும் டி.வி.யும் எப்படி?

கூடாரவாசி (கேள்வி)

வணக்கம். ஜூலையில் 25 அடி கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகிறோம். முதலில் மேடிசன் கேம்ப்கிரவுண்ட், அங்கே கரன்ட் கிடையாது. பிறகு ஃபிஷிங் பிரிட்ஜ். மனைவிக்கு தினமும் கிழக்கு நேரம் காலை 9 மணிக்கு ஒரு மணிநேர வீடியோ மீட்டிங், தவிர்க்கவே முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள், ராத்திரி ஒரு சீரியலாவது வேண்டும். குழந்தைகளுக்கு கார்ட்டூன். செல் பூஸ்டர் வாங்கலாமா, சாட்டிலைட் இன்டர்நெட் தரும் சின்ன டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினியா? வண்டிக் கூரையில் டி.வி. ஆன்டெனா இருக்கிறதாம், அது உதவுமா?

கோபுரம்

பூஸ்டர் வேண்டாம். அது இருக்கிற சிக்னலைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெயித்ஃபுல், கேன்யன், மேமத் மாதிரி ஆள் கூடும் இடங்களைச் சுற்றித்தான் டவர் எடுக்கும். ஜூலையில் அங்கேயும் கூட்டம் தாங்காமல் திணறும். நெரிசலுக்கு பூஸ்டர் மருந்தே இல்லை, போனில் நாலு சிக்னல் கட்டை காட்டும், பக்கம் திறக்காது. இன்னொன்று, இப்போதைய போன்கள் ஒரே நேரத்தில் பல ஆன்டெனாவில் வாங்குகின்றன. பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஆன்டெனா வழியாகக் கொடுப்பதால், சுமாரான சிக்னல் உள்ள இடத்தில் வேகம் குறையக்கூட வாய்ப்பு உண்டு.

போனில் கட்டையைப் பார்க்காதீர்கள், சிக்னல் விவரம் காட்டும் ஃபீல்டு டெஸ்ட் திரையில் ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னல் வலிமை) எண்ணைப் பாருங்கள். -100க்கு மேல் இருந்தால் மீட்டிங் ஓடும். -115ஐத் தாண்டிக் கீழே போனால் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே பெரிய விஷயம். வண்டிச் சுவரில் அலுமினியம் இருந்தால் உள்ளே இன்னும் மோசம். ஹாட்ஸ்பாட் போனை ஜன்னலோரமாக, உயரத்தில் வையுங்கள்.

பன்னிரண்டு வோல்ட்

உங்கள் தேவைக்கு மினிதான் சரி. ஆனால் மேடிசனில் உங்களுக்கு இரண்டு எதிரி, மரமும் பேட்டரியும்.

முதலில் பேட்டரி. அங்கே ஜெனரேட்டருக்கு அனுமதி காலை 8 முதல் இரவு 8 வரை. கிழக்கு நேரம் 9 என்றால் பார்க்கில் காலை 7 மணி! அதாவது மீட்டிங் முழுக்க பேட்டரியில்தான் ஓட வேண்டும், அதுவும் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஃபேன் உறிஞ்சிய பேட்டரியில். மேடிசன் 6,800 அடி உயரம், ஜூலையிலும் விடியற்காலை நல்ல குளிர். ஹீட்டர் ஃபேன் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் ஒரு ராத்திரிக்கு 20 ஆம்பியர்-அவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) போய்விடும். 80 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் நீங்கள் தொடக்கூடியது பாதி, 40தான். மினி சராசரியாக 30 வாட், மணிக்கு 2.5 ஆம்பியர்-அவர். சாயங்காலம் நாலு மணிநேரம், காலையில் ஒன்று, ஆக 12.5. கணக்கு இடிக்காது. அணைக்க மறந்து இரவெல்லாம் விட்டால் இடிக்கும்.

வண்டியை எடுக்கும்போதே பேட்டரி ஒன்றா இரண்டா, எத்தனை ஆம்பியர்-அவர் என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டரைக் காலையில் 8 அடித்ததும் போடுங்கள். காலியான பேட்டரிதான் வேகமாக வாங்கும், கடைசி 20 சதவீதம் ஏற நேரமாகும்.

அடுத்தது, பலர் தடுக்கி விழும் இடம்: வயர். மினிக்கு 12 முதல் 48 வோல்ட் வரை கொடுக்கலாம் என்று போட்டிருப்பதால் நேராக 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுகிறார்கள். 18 கேஜ் (மெல்லிய) வயர் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், ஏறக்குறைய 0.2 ஓம். டிஷ் 5 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 1 வோல்ட் விழும். பேட்டரியில் 12.2 இருந்தால் டிஷ்ஷுக்கு 11.2தான் போகும், உடனே ரீஸ்டார்ட் ஆகும். டிஷ் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள்! பேட்டரி பக்கத்தில் 12லிருந்து 24 வோல்ட்டுக்கு ஏற்றும் கன்வெர்ட்டர் வையுங்கள். வாடகை வண்டியில் வயரிங்கைத் தொடக்கூடாது என்றால், 100 வாட் யு.எஸ்.பி.-சி கார் சார்ஜரும் அதற்கேற்ற மினி கேபிளும் போதும், 20 வோல்ட் கிடைக்கும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். அது சும்மா இருப்பதற்கே 10, 20 வாட் தின்னும்.

கூடாரவாசி

நன்றி. மரம் என்ன சிக்கல்? பக்கத்து சைட்டில் எடுக்கும், நம் சைட்டில் எடுக்காது என்கிறார்களே?

பன்னிரண்டு வோல்ட்

மேடிசன் முழுக்க லாட்ஜ்போல் பைன் மரம். டிஷ் பார்க்கும் வானத்தின் அகலம் 110 டிகிரி, ஒரு மர உச்சி குறுக்கே வந்தாலும் சாட்டிலைட் கடக்கும்போது சில நொடி அறுந்து போகும். படம் பார்க்கையில் தெரியாது, பஃபர் (முன்கூட்டியே இறங்கி நிற்கும் படம்) சமாளிக்கும். மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கும். வண்டியை நிறுத்தும் முன்பே ஸ்டார்லிங்க் ஆப்பில் தடை ஸ்கேன் செய்து, சைட்டுக்குள் எந்த மூலையில் வானம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். கூட வரும் 15 மீட்டர் கேபிள் அதன் 30 வோல்ட் அடாப்டருக்கு சரி, 12 வோல்ட்டுக்கு ஆகாது, மேலே சொன்ன அதே காரணம்தான். வீட்டிலேயே ஒரு முறை ஆன் செய்து அப்டேட் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சீரியல் ரசிகை

டி.வி. பற்றி நான் சொல்கிறேன். கூரை ஆன்டெனா பார்க்குக்குள் ஏறக்குறைய வீண், சுற்றிலும் மலை. பில்லிங்ஸ், ஐடஹோ ஃபால்ஸ் பக்கம் தங்கினால் சேனல் கிடைக்கும். அப்போது சுவர் பிளேட்டில் உள்ள சின்ன பட்டனை அழுத்தி பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள், அதுதான் ஆன்டெனா ஆம்ப்ளிஃபயர். அணைந்திருந்தால் சேனல் வருவதே கஷ்டம். ஊர் மாறும்போதெல்லாம் டி.வி.யில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். தூக்கி நிறுத்தும் வகை ஆன்டெனா என்றால் கிளம்பும் முன் இறக்கிவிடுங்கள்.

அப்பா அம்மாவின் சீரியலை மட்டும் நெட்டில் ஓடவிட்டுப் பாருங்கள், அதுவும் 480பி (குறைந்த தரப் படம்) போதும். நெட்ஃப்ளிக்ஸ் எச்.டி. மணிக்கு 3 ஜி.பி. வரை போகும், எஸ்.டி. என்றால் 1 ஜி.பி. கார்ட்டூனை வீட்டு வைஃபையில் டேப்லெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். அதை வண்டி டி.வி.யில் போட எச்.டி.எம்.ஐ. அடாப்டர் வாங்குகிறீர்களென்றால் கவனம்: எல்லா ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் யு.எஸ்.பி.-சி வழியாகப் படம் தராது. மலிவு அடாப்டரில் சொந்த வீடியோ ஓடும், நெட்ஃப்ளிக்ஸ் போட்டால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாகிவிடும், திருட்டு நகலைத் தடுக்கும் காப்பு முறையை அது ஆதரிக்காததால். வீட்டு டி.வி.யிலேயே ஒரு படம் போட்டுச் சரிபார்த்து எடுத்து வாருங்கள்.

கூடாரவாசி

ஃபிஷிங் பிரிட்ஜிலும் இதே கஷ்டமா?

பன்னிரண்டு வோல்ட்

இல்லை, பார்க்குக்குள் கரன்ட் ஹூக்கப் உள்ள ஒரே கேம்ப்கிரவுண்ட் அதுதான். அங்கே மினியை அதன் சொந்த அடாப்டரிலேயே போட்டுவிடலாம். வானத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.