20-க்கு 13: எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் அனுபவங்கள், மூன்று பேர் எழுதியவை

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் பிரான்சில் படித்தேன். விசா, விடுதி பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் மார்க் கதையை மட்டும் சொல்கிறேன்.

முதல் மார்க்கெட்டிங் அறிக்கைக்கு 20-க்கு 13 வந்தது. இரண்டு வாரம் கண்விழித்து எழுதியது. முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு மாணவி என் தாளை எட்டிப் பார்த்து, "நன்றாகத்தானே எழுதியிருக்கிறாய்!" என்றாள். கிண்டல் என்றே நினைத்தேன். அவளுக்கு 12. சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்புறம்தான் விளங்கியது: அங்கே 10 எடுத்தால் தேர்ச்சி, 12 பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. 20 என்பது பேருக்குத்தான்.

குழு வேலை இன்னொரு கூத்து. முதல் சந்திப்பில் பெயரைக்கூடக் கேட்காமல் ஒருவன் கேட்டான்: "இந்த மார்க் உனக்குக் கணக்கில் வருமா, பாஸானால் போதுமா?" சுருக்கென்றது. எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் வெள்ளிக்கிழமை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள் என்பது அவன் எண்ணம். முற்றிலும் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே நானும் ரயில் டிக்கெட் போட்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் எங்கள் தேர்வுப் பிரிவில் அந்த 13-ஐ ஐந்தால் பெருக்கி 65 சதவீதம் என்று ஏற்றிவிட்டார்கள். தரவரிசையில் சறுக்கினேன். அந்த வகுப்பில் எத்தனை பேர் என்ன மார்க் வாங்கினார்கள் என்ற பட்டியலை அங்கிருந்து வரவழைத்துக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள். மூன்று மாத அலைச்சல். ஆகவே கிளம்பும் முன்பே கேளுங்கள்: மார்க்கை மாற்றிப் போடுவார்களா, வெறும் தேர்ச்சி என்று குறிப்பார்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*

நான் போனது ஜெர்மனி. அங்கே அளவுகோலே தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. கணக்கியல் தேர்வில் 1.7 என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நல்ல மார்க்காம்!

உங்கள் 13 பற்றி ஒன்று. வெளிநாட்டு மார்க்கை மாற்ற ஜெர்மனியில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், பவேரியச் சூத்திரம் என்பார்கள். உச்ச மார்க்கோடு தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மார்க்கையும் சேர்த்துக் கணக்குப் போடும். வெறுமனே ஐந்தால் பெருக்குவதைவிட நியாயம்.

நான் மாட்டியது வேறு இடத்தில். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவானதாக நினைத்துவிட்டேன். இல்லை. தேர்வுக்குத் தனியாக, குறித்த தேதிக்குள் பதிய வேண்டும். ஒரு வகுப்புக்கும் மட்டம் போடவில்லை. தேர்வன்று என் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. ஆறு கிரெடிட் போனது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எத்தனை மணி நேரம் வீண் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், எனக்கு மனசு வரவில்லை.

*

பிரான்சில் "கணக்கில் வருமா, பாஸானால் போதுமா?" என்று கேட்டவன் நானாகவும் இருந்திருக்கலாம். நான் எக்ஸ்சேஞ்ச் போனதில்லை. எங்கள் கல்லூரிக்கு வந்தவர்களோடு படித்தவன். அவர்களில் இருவர் எங்கள் குழுவில். ஒருவர் தன் பங்கு ஸ்லைடுகளை ஞாயிறு இரவு விமான நிலையத்தில் இருந்து அனுப்பினார், அதுவும் பழைய கோப்பு. அன்றிலிருந்து நானும் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

இன்னொருவரையும் அப்படித்தான் கேட்டேன். "பாஸானால் போதும்" என்றார். சரி, முடிந்தது கதை என்று நிதிப் பகுதியை நானே போட்டேன். சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு அவர் என் எக்செல் தாளைத் திறந்து, கையிலிருந்து பணம் போகாத தேய்மானத்தை ரொக்கச் செலவாகக் கழித்திருந்ததைக் காட்டினார். நான் அதைத் திரும்பக் கூட்டவே இல்லை. மூன்று வருடக் கணக்கும் தப்பு. விடியற்காலை நான்கு மணி வரை என்னோடு உட்கார்ந்து திருத்தினார். மார்க் எனக்குத்தான் வந்தது. அவர் தாளில் 'பாஸ்' என்று மட்டும் இருந்தது.