‘ஜஸ்ட் நவ்’ வர்றேன்னா எப்பத்தான் வருவாங்க?

திருநெல்வேலிக்காரன், டர்பன்:
வேலைக்காக தென்னாப்பிரிக்கா வந்து, டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கிற பகுதியில வாடகைக்கு இருக்கேன். கீசர் ஒழுகுது. காலையில போன் போட்டா, பிளம்பர் “ஐயாம் கமிங் ஜஸ்ட் நவ்”னு சொன்னார். மெயினை அணைச்சு, அடியில வாளி வச்சு, கேட்டையும் திறந்துபோட்டு நின்னேன். வந்தது பொழுது சாயற நேரம்! ஒரு ‘சாரி’கூட இல்ல. நம்ம ஊர்ல ‘ஹீ லெஃப்ட் ஜஸ்ட் நவ்’னா இப்பத்தான் போனார்னு அர்த்தம். முடிஞ்சதுக்குச் சொல்றதை இவங்க எப்படி வரப்போறதுக்குச் சொல்றாங்க?

சாட்ஸ்வொர்த் அக்கா:
அந்த ஆள் மேல தப்பே இல்ல தம்பி. இங்க ஜஸ்ட் நவ்னா ‘அப்புறமா’. அரை மணியும் ஆகலாம், ராத்திரியும் ஆகலாம், மறந்தும் போகலாம். சீக்கிரமா வர்றவன் ‘நவ் நவ்’னு சொல்வான். வெறும் ‘நவ்’வை நம்பிடாதீங்க, அதுவும் இழுக்கும். உடனே வேணும்னா ‘ரைட் நவ்’னு அழுத்திக் கேக்கணும். ‘ஹீ வாஸ் ஹியர் நவ் நவ்’னா மட்டும் சித்த முன்னாடி இருந்தார்னு அர்த்தம்.

ரிட்டயர்டு வாத்தியார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
டச்சுலேருந்து வந்த இந்த ஊர் மொழி ஆப்பிரிக்கான்ஸ்ல ‘நெட்நோ’ன்னு ஒண்ணு இருக்கு. சித்த முன்னாடி, சித்த நேரம் கழிச்சு ரெண்டுக்கும் அது ஒண்ணுதான். எதுன்னு வினைச்சொல்லைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். நவ் நவ்வுக்கும் அங்கே ‘நோ-நோ’ இருக்கு. அந்தப் பழக்கம்தான் இங்கிலீஷ்ல ஏறிடுச்சுங்கிறது வழக்கமான விளக்கம். 1860-ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோங்கிற கப்பல்ல ஏறி இங்க ஒப்பந்தக் கூலிகளா வந்தவங்க நடுவுல பேச்சு தமிழும் தெலுங்கும். பின்னால தலைமுறைக்குத் தலைமுறை தமிழ் தேய்ஞ்சு இங்கிலீஷ் வீட்டுக்குள்ள வந்தப்ப, ஜஸ்ட் நவ்வும் கூடவே வந்துடுச்சு.

சாட்ஸ்வொர்த் அக்கா:
உங்க ஊர்க்காரங்க மட்டும் என்னவாம்? எங்க ஆபீஸ்ல ஒரு திருநெல்வேலிப் பையன் இருக்கான். ‘இந்தா வந்துட்டேன்க்கா’ம்பான், அப்பத்தான் குளிக்கவே போவான். கிளம்பாத ஆளுக்கு இறந்தகால வினை!

திருநெல்வேலிக்காரன், டர்பன்:
அது வாஸ்தவம்தான். ஆபீஸ்ல மேனேஜர் ரிப்போர்ட் கேட்டா ‘ஐ வில் செண்ட் இட் ஜஸ்ட் நவ்’னு சொல்லலாமா?

ரிட்டயர்டு வாத்தியார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தாராளமா. அவர் டீ குடிக்கப் போயிடுவார். ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் ஆளுங்களுக்கும் புரியும். லண்டனுக்கு மெயில் போட்டா மட்டும் மணியைக் குறிச்சு எழுதுங்க.