ஜிஎல்எஸ்ஸா, எக்ஸ்7ஆ? அப்பாவுக்கு எது சௌகரியம்?

கேள்வி:
வணக்கங்க. வீட்ல ஏழு பேர், அப்பாவுக்கு 74 வயசு, முட்டி வலி வேற. மாசம் ஒருக்கா வால்பாறை போவோம், ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. பென்ஸ் ஜிஎல்எஸ் 450டி, பிஎம்டபிள்யூ எக்ஸ்7 டீசல், ரெண்டு காருல எதை வாங்கறதுன்னு ஒரே குழப்பம். ஓட்டினவங்க சொல்லுங்க.

பதில் 1:
ரெண்டும் ஓட்டிருக்கேன் அண்ணா. ரெண்டுமே 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், குலுக்கலைத் தாங்க காத்து நிரப்பின ஏர் சஸ்பென்ஷன். ஜிஎல்எஸ்ல 750 என்எம் டார்க் (இன்ஜினோட இழுவை விசை), மேட்டுல லாரியைத் தாண்டணும்னு லேசா மிதிச்சாலே போதும், ரெண்டரை டன் வண்டிங்கிற நெனப்பே வராது. ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டறவனுக்கு எக்ஸ்7 தான், வளைவுல அப்படி ஒட்டிக்கிட்டு திரும்புது. ஆனா நீங்க கேக்கறது அப்பாவுக்கு. ஜிஎல்எஸ் நடு சீட்ல எங்கம்மா கையில காபி டம்ளரோட உக்காந்திருந்தாங்க, ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்குச்சு, ஒரு சொட்டு சிந்தல. என் ஓட்டு அதுக்குத்தான்.

பதில் 2:
அப்பாவையே ஷோரூம் கூட்டிட்டுப் போங்க, நாலு தடவை ஏறி எறங்கச் சொல்லுங்க, முட்டி சொல்லிரும். கடைசி வரிசைல குழந்தைங்கள உக்கார வெச்சு மலை ஏறாதீங்க, வாந்தி வரும், நடுவுலயே வைங்க. எறங்கறப்ப பிரேக்கையே நம்பாம கியரைக் குறைச்சு விடுங்க, இவ்ளோ எடைக்கு பிரேக் சூடாயிரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவோட போய்ப் பாத்துட்டு வந்து எழுதறேன்.