உலாவியில் தமிழ்க் கட்டுரையைக் காதால் கேட்க எது நல்ல வழி?

கதிர்_வரைவு:
மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிறது, அதனால் நீளமான கட்டுரைகளையும் நான் எழுதி முடித்த வரைவுகளையும் இனிக் காதால் கேட்கலாம் என்று இருக்கிறேன். விண்டோஸ் 11, ஃபயர்ஃபாக்ஸ். எஃப் 9 அழுத்தி வாசிப்புப் பார்வைக்குப் போனால் ஹெட்ஃபோன் படம் ஒன்று வருகிறது, ஆங்கிலத்தை நன்றாகவே படிக்கிறது, தமிழ் என்றால் கப்சிப். நடுவில் வரும் ஆண்டுகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடுகிறது. ஒரு நீட்சியையும் போட்டுப் பார்த்தேன் (பெயர் வேண்டாம்), ரெண்டு பத்தி படித்ததும் காசு கேட்கிறது. செலவில்லாமல் வழி உண்டா?

மணல்மேடு:
ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்தக் குரல் கிடையாது, விண்டோஸில் இருக்கும் குரலைத்தான் இரவல் வாங்கிப் பேசும். உங்களிடம் தமிழ்க் குரல் இல்லை, அவ்வளவுதான். செட்டிங்ஸில் நேரம், மொழி பகுதிக்குள் ஸ்பீச் என்று இருக்கும், அங்கே குரல் சேர்க்கும் இடத்தில் தமிழ் (இந்தியா) இறக்குங்கள். வள்ளுவர் என்ற ஆண் குரல் வரும். உலாவியை மூடித் திறந்தால் ஹெட்ஃபோன் பட்டியலில் அவர் இருப்பார். என் காதுக்கு அவர் சுமார்தான்.

ஆள் பேசுவது போல வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி. பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், மேலே பட்டை வரும், அதில் குரலையும் வேகத்தையும் மாற்றலாம். இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் (பெயர் ஒன்றுதான், விண்டோஸில் இறக்கும் குரல் வேறு). இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. ஒன்று மட்டும் கவனிக்க, இந்தக் குரல்கள் மைக்ரோசாஃப்ட் சர்வரில் உருவாகி வருகின்றன. இணையம் இல்லாமல் வேலை செய்யாது, நீங்கள் கேட்கும் எழுத்தும் அங்கே போய்த்தான் திரும்பும். வாடிக்கையாளரின் ரகசிய ஒப்பந்தத்தை எல்லாம் அதில் போடாதீர்கள்.

செவிவழி:
எனக்குப் பார்வை இல்லை, என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளில் ஈஸ்பீக் என்ற இலவசக் குரலை வைத்துதான் தினமும் படிக்கிறேன், இதையும் அப்படித்தான் படித்தேன். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும், பார்வையுள்ள நண்பர்கள் ஒரு நிமிடம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அது பதிவுசெய்த மனிதக் குரலை ஒட்டிப் பேசுவதில்லை, ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது, அதனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் எழுத்துகள் தனித்தனியாகக் கேட்கும். பல்லவியை அந்த வேகத்தில் ஓட்டினால் சொல் முனைகள் கரைந்துவிடும். கதை கேட்க இனிமையான குரல், வேலைக்கு ஈஸ்பீக், அதுதான் என் கணக்கு. இணையமும் தேவையில்லை.

திருத்தி:
வரைவைக் கேட்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த சொல், எழுவாய் ஒருமையும் வினைமுற்று பன்மையுமாக நிற்கும் வாக்கியம், இதெல்லாம் காதில் உடனே இடிக்கும், கண் தாண்டிப் போயிருக்கும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆர் போட்ட (படத்தை எழுத்தாக மாற்றிய) கோப்பில் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும், திரையில் பார்த்தால் சத்தியமாகத் தெரியாது, குரல் மட்டும் "காலம்" என்பதைக் "கரலம்" என்று படித்துக் காட்டிக்கொடுக்கும். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தாலும் அப்படியே மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் ர/ற, ந/ன பிழைகளுக்குக் காதை நம்பாதீர்கள். "அறம்" என்பதை "அரம்" என்று எழுதியிருந்தால் குரல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்லும். ஒற்றுப்பிழையும் பாதிக்குப் பாதி தப்பிவிடும். அதற்குக் கண்தான்.

கதிர்_வரைவு:
நன்றி. வள்ளுவரை இறக்கிவிட்டேன், பேசுகிறார். ரகசியக் கோப்புக்குக் கணினியிலேயே பேசும் இந்த வள்ளுவர், கட்டுரைக்கு எட்ஜின் பல்லவி என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம், பழைய பிடிஎஃப் ஒன்றை எட்ஜில் போட்டால் ஆங்கில எழுத்துகளாகக் கண்டபடி படிக்கிறது, திரையில் தமிழாகத்தான் தெரிகிறது.

மணல்மேடு:
பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவாக இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு (இப்போது எங்கும் பயன்படும் பொதுக் குறியீடு) கேளுங்கள். மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தளத்தில் இருக்கும் நூலாக இருந்தால் அந்த வேலையே வேண்டாம், அங்கே யூனிகோடிலேயே கிடைக்கும், பாட்டுக்குப் பாட்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.