புதுப்பிப்பு: நாங்கள் பிரியவில்லை

டென்னிஸ் தொடர்களில் முதல் சுற்றிலேயே தொடர்ந்து தோற்கிறோம், எங்கள் இரட்டையர் இணையைக் கலைத்துவிடலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். "இன்னும் சில வாரங்கள் பொறுங்கள்" என்றீர்கள். பொறுத்தோம். அதன்பின் ஆடிய ஐந்து தொடர்களில் இரண்டு காலிறுதி, ஒரு அரையிறுதி. எல்லாமே மொத்தப் பரிசு 15,000 டாலர் கொண்ட கீழ்நிலைத் தொடர்கள்தான்; என்றாலும் எங்களுக்கு அது பெரிது.

மாறியது ஒரே ஒரு விஷயம். இந்த ஆட்டங்களில் 40-40 ஆகிவிட்டால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு புள்ளி முன்னிலை பெறும்வரை ஆடும் முறை, கிடையாது. அடுத்த புள்ளியே கேமை முடிவு செய்யும். வலது, இடது என எந்தப் பக்கம் செர்வை வாங்குவது என்பதைத் திருப்பி ஆடும் அணியே தேர்ந்தெடுக்கலாம். முன்பு அந்த நொடியில் இருவரும் முகம் பார்த்துத் தயங்குவோம். இப்போது ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுகிறோம்: என் இணையே வாங்குவார், நான் வலையருகே நகர்ந்து தொந்தரவு கொடுப்பேன். வெற்றியை முடிவு செய்ய மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் 10 புள்ளி டை-பிரேக்கிலும் இந்தத் தெளிவு கைகொடுக்கிறது. அரையிறுதியில் அதில்தான் 8-10 என்று தோற்றோம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பணக் கவலை அப்படியேதான் இருக்கிறது. பரிசை இருவரும் பங்கிட்டால் பயணச் செலவுக்குக்கூடப் போதவில்லை. இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்த்து, தொகை குறைவாக உள்ள இணைகளுக்கே தொடரில் முதலில் இடம் தருகிறார்கள் என்பதால் சில வாரங்கள் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆனாலும் அடுத்த மாதத் தொடர்களுக்குச் சேர்ந்தே பெயர் கொடுத்துவிட்டோம்.