மணல்ல கிடக்குற சுருட்டைப் பாம்பை எப்படிக் காட்டுறது?

வணக்கம் மக்களே, மண்டபத்துல இருந்து எழுதுறேன். கோடோங்கிற கேம் எஞ்சின்ல ஒரு 2டி கேம் செஞ்சுட்டிருக்கேன், தனுஷ்கோடி மணல்தான் களம். புலி, கரடி எதுவும் கிடையாது. எதிரிங்க எல்லாம் பொடிசு: சுருட்டை விரியன், திருக்கை, கூம்புச் சங்கு.

சிக்கல் சுருட்டையிலதான். நிஜத்துலயே பெரும்பாலும் ரெண்டடிக்குள்ள, அதுவும் மண் நிறம். என் திரையில வெறும் 12 பிக்சல். விளையாடிப் பார்த்த தம்பி மூணு தடவை செத்துட்டு, "அண்ணே, எதுல செத்தேன்னே தெரியல"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டான். கோவம் நியாயம்தான்.

மைன்கிராஃப்ட் கேம்ல வர்ற குகைச் சிலந்தியும் சின்னதுதான், ஆனா சிவப்புக் கண்ணு காட்டிக்கொடுத்துடும். கடிச்சாலும் நார்மல் கடின அளவுல 7 நொடி விஷம், பால் குடிச்சுத் தப்பிச்சுக்கலாம். எனக்கும் அப்படி ஒரு அவகாசம் வேணும். சுருட்டை செதிளை உரசி ரம்பம் அறுக்குற மாதிரி சத்தம் போடுமே, அதையே எச்சரிக்கையா வச்சேன். காத்து இரைச்சல்ல அமுங்கிப்போச்சு. காத்தைக் குறைச்சா அது தனுஷ்கோடியாவே இல்ல!

பாம்பு நெருங்கினா மட்டும் காத்துச் சத்தம் தானா இறங்க ஆடியோ பஸ்ல (சத்தங்களைச் சேர்த்துக் கட்டுப்படுத்துற தடம்) என்ன செய்யணும்? ஹிட்பாக்ஸை, அதாவது தொட்டா அடிபட்டதா கணக்காகுற பகுதியை, படத்தைவிடச் சின்னதா வைக்கலாமா? சத்தத்தை அணைச்சுட்டு ஆடுறவங்களுக்கு, அது பக்கவாட்டா நகர்ந்த தடத்தை மணல்ல காட்டினாப் போதுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.